நோர்வேயில் நிலமும் பெயரும்

ஒருவன் தன் பெயரை முழுமையாகச் சொல்லும்போது, மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை பகர்கின்றான். யாருடைய மகன் என்பது முதல் வினா. எத்தொழில் செய்பவன் என்பது இரண்டாவது. எந்நிலத்தவன் என்பது மூன்றாவது. ஆங்கிலேயரிடையே ஸ்மித் என்பது கொல்லனையும் ரெயிலர் என்பது தையற்காரனையும் குறித்த தொழிற்பெயர்கள். தமிழராகிய நாம் தந்தையின் பெயரை முன்னிறுத்தி முதல் வினாவுக்கு விடை கூறி வந்துள்ளோம். நோர்வே நாட்டினரோ முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் ஒருங்கே விடையிறுத்தவர்கள். அவருட் பலருடைய குடும்பப் பெயர் இன்றும் ஒரு மலைச்சரிவையோ, ஒரு குடாவையோ, காடு வெட்டித் திருத்திய ஒரு துண்டு நிலத்தையோ சுட்டி நிற்கின்றது.

இவ்வாராய்ச்சி நமக்கு முற்றும் அயலானது அன்று. 1956 ஆம் ஆண்டளவில் தொடங்கி நம்மவர் நோர்வேக்குச் சென்று குடியேறியுள்ளனர். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் வட கோடியிலுள்ள மீன்பிடி ஊர்களிலும் அவர்தம் மக்களும் பேரரும் வாழ்கின்றனர். அவர்கள் எழுதும் கடிதங்களின் முகவரியிலே நாம் நாள்தோறும் காணும் சொற்களின் பொருள் யாது என அறிதல் நன்று. அன்றியும், பெயர் எவ்வாறு பிறந்து, எவ்வாறு இடம்மாறி, எவ்வாறு உறைந்து போகின்றது என்பதற்கு அந்நாட்டு வரலாறு தெளிவான ஒரு பாடமாக அமைந்துள்ளது.

நாட்டின் இயல்பு

நோர்வே என்னும் பெயரே ஒரு வழியின் பெயர். 'வடக்கே செல்லும் வழி' என்பது அதன் பழம்பொருள். மேற்குக் கரையோரமாகத் தீவுகளின் மறைவிலே கப்பல்கள் வடதிசை நோக்கிச் சென்ற கடல்வழியே நாட்டின் பெயராயிற்று. பண்டைப் பனிக்கட்டியாறுகள் மலைகளை அகழ்ந்து ஆக்கிய ஆழமான பள்ளங்களிற் கடல் புகுந்து பியோர்டு எனப்படும் நீண்ட கழிகளாயின. நாட்டிற் பெரும்பகுதி மலையும் காடும் பாறையுமே. பயிர் செய்யத்தக்க நிலம் நூற்றுக்கு 3 பங்கு அளவினதே.

இக்காரணத்தால், வீடுகள் நெருங்கிய ஊர்கள் அந்நாட்டிற் பெருகவில்லை. மண் கிடைத்த இடங்களிலே தனித்தனிப் பண்ணைகள் எழுந்தன. ஒரு சரிவில் ஒரு பண்ணை. ஆற்றின் மறுகரையில் வேறொன்று. குடாவின் தலைப்பில் இன்னொன்று. ஆகவே அங்கே பெயர் வேண்டிய முதற்பொருள் ஊரன்று, பண்ணையே. பண்ணைக்குப் பெயரிடுவோர் தொலைவிற் சென்று சொல் தேடவில்லை. கண்முன் நின்ற நிலத்தின் வடிவத்தையே பெயராகச் சொன்னார்கள்.

மூன்று கூறுடைய பெயர்

பழைய நோர்வேயின் நாட்டுப்புறத்தான் ஒருவன் ஓலே ஹான்சன் பக்கன் என அழைக்கப்பட்டான் எனக் கொள்வோம். இவற்றுள் ஓலே என்பதே அவனுக்கு இட்ட பெயர். ஹான்சன் என்பது 'ஹான்ஸ் என்பவனின் மகன்' என்று பொருள்படும். பக்கன் என்பது அவன் வாழும் பண்ணை. 'சரிவு' என்பது அதன் பொருள். ஓலேயின் மகன் பேடர் என்றால் அவன் ஹான்சன் ஆகான், ஓல்சன் ஆவான். மகள் காரி என்றால் அவள் ஓல்ஸ்டாட்டர், அதாவது ஓலேயின் மகள். அவள் மணஞ்செய்த பின்னரும் தந்தை பெயரையே தாங்கினாள்; கணவனின் தந்தை பெயர் அவளுக்குப் பொருந்தாதன்றோ?

மூன்றாவது கூறாகிய பண்ணைப் பெயரிலே வாசகர் சிறப்பாகக் கருத்தூன்றல் வேண்டும். அது குடும்பப் பெயர் அன்று, முகவரி. ஓலே பக்கனை விட்டு நீங்கி, ஆற்றோரத்து ஹௌகன் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தால், அவன் ஓலே ஹான்சன் ஹௌகன் ஆகிவிடுவான். பண்ணைக்குரிய பெண்ணை மணந்து அவள் வீட்டிற் குடியேறிய ஆடவன், அவள் பண்ணையின் பெயரால் வழங்கப்பட்டான். சொந்த நிலமின்றி, பிறர் பண்ணையில் ஒரு குடிசையும் சிறு துண்டு நிலமும் பெற்று உழைத்துக் கொடுத்தவர்களும் அப்பண்ணையின் பெயராலேயே அறியப்பட்டனர். ஆகவே ஒரே பண்ணைப் பெயருடைய இருவர் உறவினர் எனத் துணிதல் தவறு. ஒருவன் நிலத்துக்கு உடையவனாகவும் மற்றவன் அவனிடம் கூலிக்கு உழைத்தவனாகவும் இருந்திருக்கக்கூடும். மேலும், சரிவு இல்லாத பள்ளத்தாக்கு இல்லை. எனவே பக்கன் என்னும் பண்ணைகளும் நாடெங்கும் பலவாயின.

நிலத்தைச் சொல்லும் சொற்கள்

நோர்வேயர் பெயர்களிற் பயிலும் நிலச்சொற்களை உயரம், தாழ்வு, நீர், கரை எனப் பகுத்து நோக்கலாம்.

உயர்ந்த நிலத்தைக் குறிப்பனவற்றுள் பேர்க் என்பது மலை அல்லது பாறை. ஓஸ் என்பது நீண்ட மேட்டுத் தொடர். ஹௌக் என்பது சிறு குன்று. முன்னோரைப் புதைத்த மண்மேட்டையும் அச்சொல்லே குறிக்கும். ஹம்மர் என்பது செங்குத்தான பாறை. லில்லஹம்மர் என்னும் நகரின் பெயர் 'சிறிய செங்குத்துப் பாறை' எனப் பொருள்படும். பக்கே என்பது சரிவு. லீ என்பது மலைப்பக்கத்துச் சாய்நிலம். ஐக்கிய நாடுகள் சபையின் முதற் செயலாளர் நாயகமாக 1946 முதல் 1952 வரை கடமையாற்றிய திரிக்வே லீ அவர்களின் குடும்பப் பெயர் இதுவே.

தாழ்ந்த நிலத்துச் சொற்களுள் டால் என்பது பள்ளத்தாக்கு. மோ என்பது ஆற்றோரத்து மணற்பாங்கான சமவெளி. வொல் என்பது புற்றரை. லுண்ட் என்பது சிறு சோலை. நீரைச் சொல்வனவற்றுள் பொஸ் என்பது நீர்வீழ்ச்சி. எல்வ் என்பது ஆறு. சிற்றாற்றுக்கு ஓ என்னும் ஒற்றை எழுத்தே பெயராயிற்று. லோபோட்டன் தீவுகளிலே ஓரெழுத்தாலான அப்பெயருடைய ஊர் ஒன்று இன்றும் உண்டு. கரையைச் சொல்வனவற்றுள் வீக் என்பது குடா. நேஸ் என்பது முனை. சுண்ட் என்பது நீரிணை. ஓய் என்பது தீவு. ஹொல்ம் என்பது சிறு தீவு. ஸ்ட்ராண்ட் என்பது கடற்கரை. எய்ட் என்பது இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையிலே, அல்லது அருவியைச் சுற்றி, தரைவழியே கடந்து செல்லும் இடம். நோர்வே தன் அரசியலமைப்பை 1814 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள் நிறைவேற்றிய எய்ட்ஸ்வொல் என்னும் இடத்தின் பெயரில் அச்சொல்லும் புற்றரை என்னும் சொல்லும் சேர்ந்து நிற்கின்றன.

இச்சொற்கள் பலவற்றின் ஈற்றில் வரும் 'என்' என்னும் ஒட்டு, 'அந்த' என்னும் சுட்டுப்பொருளைத் தருவது. ஹௌக் என்றால் குன்று. ஹௌகன் என்றால் 'அந்தக் குன்று'. அயலார் அனைவரும் அறிந்த குன்று அது ஒன்றே ஆதலால் வேறு அடை வேண்டியதில்லை.

சூரியனைக் குறிக்கும் சொல் என்பது மற்றொரு செல்வாக்குடைய முதற்கூறு. சொல்பேர்க் என்பது 'வெயில் படும் மலை'. சொல்ஹெய்ம் என்பது 'வெயில் வீடு'. இலங்கையின் சமாதான முயற்சிக்கு 2000 ஆம் ஆண்டளவிற் சிறப்புத் தூதராக வந்த எரிக் சொல்ஹெய்ம் அவர்களின் பெயரை நம்மிற் பலர் அறிவர். அதன் பொருளை அறிந்தவர் சிலரே. வெயிலுக்கு ஏங்காத நமக்கு இப்பெயரின் அருமை உடனே விளங்காது. ரியூக்கன் என்னும் சிறு நகர் ஓர் ஆழமான பள்ளத்தாக்கிலே கிடக்கின்றது. அங்கே ஏறக்குறைய அரையாண்டு சூரியவொளி நேரே விழுவதில்லை. 2013 ஆம் ஆண்டிலே மலையுச்சியிற் பெருங் கண்ணாடிகளை நாட்டி, நகர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டனர். இத்தகைய நாட்டிலே, வெயில் விழும் பக்கத்தில் அமைந்த பண்ணை எவ்வளவு மதிப்புடையது என்பதை அப்பெயரே உரைக்கும். ரியூக்கன் என்னும் பெயரும் நிலத்தின் பெயரே. நீர்த்துளி புகையாய் எழும் பேரருவி ஒன்றினால் 'புகைவது' என்னும் அப்பெயர் வந்தது.

குடியேற்றத்தின் அடுக்குகள்

நிலத்தின் வடிவத்தை மட்டுமன்றி, மனிதன் அந்நிலத்திற் செய்த வேலையையும் சில பெயர்கள் சொல்கின்றன. இவற்றைக் கால அடைவில் வரிசைப்படுத்த அறிஞர் முயன்றுள்ளனர். அவர்கள் கையாண்ட ஓர் அளவுகோல் எளிதும் நயமுடையதும் ஆகும். ஐஸ்லாந்துத் தீவிலே நோர்வேயர் 9 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிக் குடியேறினர். சென்றவர்கள் தம் காலத்து வழக்கிலிருந்த முறையாலேயே புதிய பண்ணைகளுக்குப் பெயரிட்டிருப்பார்கள். வின் என்பது மேய்ச்சற் புற்றரையைக் குறித்த பழஞ்சொல். அச்சொல்லை ஈறாகவுடைய பண்ணைகள் நோர்வேயில் மிகப் பல. ஐஸ்லாந்திலோ ஏறக்குறைய இல்லை எனலாம். எனவே, குடியேற்றக் காலத்துக்கு முன்னரே அம்முறை வழக்கொழிந்தது என்பது பெறப்படும். 'இருப்பிடம்' எனப் பொருள்படும் ஸ்டாட் என்னும் ஈறோ இரு நாடுகளிலும் பெருகக் காணப்படுகின்றது. ஆதலின் அது குடியேற்றக் காலத்தில் உயிருடன் வழங்கியதாகும்.

மக்கள் தொகை பெருகியபோது காடுகள் வெட்டப்பட்டன. ரூட் என்பது கிழக்கு நோர்வேயிற் பரவலாக வழங்கும் ஈறு. 'மரம் வெட்டித் திருத்திய இடம்' என்பது பொருள். மேற்கிலும் தெற்கிலும் அதே கருத்துக்குத் துவெய்ட் என்னும் சொல் வழங்கும். நூகோர்ட் என்பது 'புதிய பண்ணை'.

இவற்றுள் உள்ளத்தை வருத்தும் பெயர் ஓடகோர்ட் என்பதாகும். 'பாழடைந்த பண்ணை' என்பது அதன் பொருள். 1349 ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் நோர்வேயைத் தாக்கியது. மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் அந்நோயாலும் அதன் பின் மீண்டும் மீண்டும் வந்த தொற்றுகளாலும் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. எண்ணற்ற பண்ணைகள் ஆளின்றிக் கிடந்து மீண்டும் காடாயின. அவற்றுட் பலவற்றின் பழம்பெயரைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை. பல தலைமுறை கழிந்தபின் புதியவர்கள் வந்து உழத் தொடங்கியபோது, அந்நிலத்தை 'பாழ்ப்பண்ணை' என்றே அழைத்தனர். அப்பெயரைத் தாங்கிய குடும்பங்கள் இன்று நலமுடன் வாழ்கின்றன. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு பேரழிவின் சாட்சியாய் அப்பெயர் நிற்கின்றது.

ஊர்ப்பெயரும் ஆராய்ச்சி முறையும்

ஒலியை மட்டும் கேட்டுப் பெயர்ப்பொருள் கூறப் புகுதல் இடருடையது. ஒஸ்லோ என்னும் தலைநகரின் பெயர் இதற்குச் சான்றாகும். ஓஸ் என்பது ஆற்றுமுகத்தைக் குறிக்கும் ஒரு சொல்லாதலால், 'லோ என்னும் ஆற்றின் முகம்' என ஒஸ்லோவுக்கு முன்னாளிற் பொருள் கூறினர். அவ்விடத்தில் லோ என ஓர் ஆறு இருந்ததற்குப் பழஞ்சான்று எதுவும் இல்லை. அங்கு ஓடும் ஆற்றின் பெயர் ஆல்னா. பெயரை விளக்கும் பொருட்டு ஓர் ஆற்றையே படைத்துவிட்டனர்! லோ என்பது புல்வெளியைக் குறிக்கும் பழஞ்சொல் என்றும், முதற்கூறு மேட்டுத் தொடரையோ தெய்வத்தையோ குறிக்கும் என்றும் இன்றைய அறிஞர் கொள்கின்றனர். 1624 ஆம் ஆண்டுத் தீவிபத்தின் பின் தென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியான் தம் பெயரால் அந்நகரைக் கிறிஸ்தியானியா ஆக்கினார். 1925 ஆம் ஆண்டு முதல் நாளன்று பழைய பெயரே மீண்டது.

பேர்கன் நகரின் பழைய வடிவம் பியோர்க்வின். 'மலைகளிடையே உள்ள புற்றரை' எனப் பொருள்படும். இன்றைய வடிவத்தை மட்டும் நோக்குவோர்க்கு அதனுள் ஒரு புற்றரை மறைந்திருப்பது தோன்றாது. ஸ்தவாங்கர், ஹார்டாங்கர் என்பவற்றின் ஈறாகிய ஆங்கர் என்பது கடற்கழியைக் குறித்து வழக்கிழந்த சொல். திரொண்ட்ஹெய்ம் என்பது முதலில் ஒரு பிரதேசத்தின் பெயர். நகரின் பழம்பெயர் நிடாரோஸ். 'நிட் ஆற்றின் முகம்' என்பது பொருள். 1930 ஆம் ஆண்டில் அரசினர் நகருக்குப் பழம்பெயரைத் திரும்பச் சூட்டியபோது மக்கள் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டே திரொண்ட்ஹெய்ம் என மாற்ற வேண்டியதாயிற்று. பழைமை ஒன்றே ஒரு பெயரை நிலைநிறுத்தப் போதாது. நாவிற் பயிலும் வழக்கும் வேண்டும்.

பண்ணைப் பெயர்களை முறையாக ஆராய்ந்த பெருமை ஒலுப் ரீக் என்னும் பேராசிரியரைச் சாரும். நோர்வே பல நூற்றாண்டு தென்மார்க்கு அரசின் கீழ் இருந்தமையால், ஏடுகளில் எழுதியோர் பண்ணைப் பெயர்களைத் தென்மார்க்கு மொழியின் எழுத்து முறைப்படி திரித்து எழுதினர். அத்திரிபுகளைக் களைந்து நிலப்பதிவேட்டைச் செம்மை செய்ய 1878 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழுவில் ரீக் இடம்பெற்றார். அப்பணியிலிருந்து விளைந்தது 'நோர்வேப் பண்ணைப் பெயர்கள்' என்னும் பெருந்தொகுதி. அது 1897 ஆம் ஆண்டு முதலாக வெளிவந்தது. ரீக் 1899 இல் மறைந்தபின் பிறர் அதனைத் தொடர்ந்து நிறைவு செய்தனர். ஒவ்வொரு பண்ணைக்கும் மூன்று சான்றுகள் தேடப்பட்டன. பழைய உறுதிகளிலும் திருச்சபை நில ஏடுகளிலும் கண்ட வடிவம் ஒன்று. அவ்விடத்து மக்கள் வாயால் வழங்கும் ஒலி மற்றொன்று. நிலத்தின் கிடக்கை மூன்றாவது. இம்மூன்றும் இயைந்தாலன்றி ஒரு பொருளைத் துணியலாகாது.

ஐவர் ஓசன் (1813-1896) என்னும் மொழியறிஞரையும் இங்கே நினைத்தல் தகும். உழவர் குடியிற் பிறந்து தாமே கற்றுத் தேர்ந்த இவர், நாட்டுப்புறம் எங்கும் சென்று மக்கள் பேச்சைத் திரட்டினார். 1848 இல் இலக்கணமும் 1850 இல் அகராதியும் வெளியிட்டார். நோர்வேயின் இரு எழுத்து மொழிகளுள் ஒன்று அவ்வடித்தளத்தின்மீதே எழுந்தது. அவர் பெயராகிய ஓசன் என்பதும் அவர் பிறந்த பண்ணையே: 'அந்த மேட்டுத் தொடர்'.

பெயர் உறைந்த கதை

நகரத்தாரும் அரச அலுவலரும் முன்னரே நிலையான குடும்பப் பெயர் கொண்டிருந்தனர். நாட்டுப்புறத்தாருக்கு அது 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பொதுவிதியாயிற்று. ஒவ்வொருவரும் தலைமுறை தோறும் மாறாத ஒரு பெயரைத் தாங்க வேண்டும் என்றும், மனைவி கணவனின் பெயரைக் கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. சிலர் தந்தை பெயரை நிலைப்படுத்தினர். சிலர் பண்ணைப் பெயரைக் கொண்டனர். அன்று முதல் ஹான்சன் என்பவன் ஹான்ஸின் மகன் அல்லன். பக்கன் என்பவன் சரிவில் வாழ்பவனும் அல்லன். பொருள் நின்று வழங்கிய பெயர் அடையாளக் குறியாகிவிட்டது. குடும்பப் பெயர்களிற் பழைய எழுத்து முறையும் அப்படியே உறைந்தது. அதனால் பள்ளத்தாக்கை இன்று எழுதுவதற்கும் அப்பொருளுடைய குடும்பப் பெயரை எழுதுவதற்கும் ஓர் எழுத்து வேறுபாடு காணப்படும். மனைவியர் பற்றிய விதியைப் பிற்காலச் சட்டங்கள் நீக்கின. 2003 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தந்தை அல்லது தாயின் இயற்பெயரினின்று பெயர் ஆக்கிக்கொள்ளும் பழைய முறைக்கும் இடம் உண்டு.

கடல் கடந்தோர் இம்மாற்றத்தை முன்னரே எதிர்கொண்டனர். 1825 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்தவாங்கரிலிருந்து ஒரு சிறு கப்பலிலே 52 பேர் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டனர். அடுத்த நூறாண்டுகளில் அவர்களைத் தொடர்ந்து ஏறக்குறைய 8 இலட்சம் பேர் சென்றனர். அங்கே குடும்பப் பெயர் கேட்கப்பட்டபோது, உடன்பிறந்தோரில் ஒருவர் தந்தை பெயரையும் மற்றவர் பண்ணைப் பெயரையும் சொன்னதுண்டு. 1876 இல் டொன்னா தீவிலே பேடர்சன் என்னும் தந்தைவழிப் பெயருடன் பிறந்த ஓலே, 1896 இல் அமெரிக்கா சென்றபின் தன் பிறப்பிடமாகிய ரோல்வோக் என்பதையே குடும்பப் பெயராக்கிக் கொண்டார். வோக் என்றால் குடா. குடியேறியோரின் துயரைப் பாடுபொருளாக்கிய புகழ்பெற்ற நாவலாசிரியர் அவர். தாயகத்துச் சிறு குடா ஒன்று, கடலே காணாத அமெரிக்கப் புல்வெளியில் அவர் பெயராக வாழ்ந்தது.

1920 ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற குனுட் ஹம்சுன் அவர்களும் பேடர்சன் என்னும் பெயருடன் பிறந்தவரே. இளமையில் வாழ்ந்த ஹம்சுண்ட் என்னும் பண்ணையின் பெயரைப் பின்னர்ப் பூண்டார். 1885 ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை அச்சேறியபோது இறுதி எழுத்துத் தவறிவிட்டது. பேச்சில் அவ்வெழுத்து ஒலிப்பதில்லை ஆதலால், அச்சுப்பிழையையே அவர் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

இரு பெயருடைய நிலம்

நோர்வேயின் வடபகுதியில் ஸாமி எனப்படும் தொல்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் மொழி வேறு குடும்பத்தது. நிலத்தைப் பெயரிடும் முறை மிக நுண்ணியது. யொக்கா என்றால் ஆறு. யாவ்ரி என்றால் ஏரி. வாரி என்றால் மலை. ஒரு காலத்தில் அரசினர் இம்மக்களை நோர்வேயர் ஆக்க முனைந்தனர். பின்மார்க் மாவட்டத்தில் அரச நிலம் வாங்குவோர் நோர்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லராதல் வேண்டும் என 1902 ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிட்டன. பெயர் நிலத்திலிருந்து பிறப்பது என்பதை நன்கு உணர்ந்த ஒரு நாடே, பிறர் சூட்டிய நிலப்பெயரை மறைக்கத் துணிந்தது வருந்தத்தக்கது. 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்ச் சட்டம் ஸாமிப் பெயர்களுக்கும் உரிமை வழங்கியது. இன்று வடக்கே செல்வோர் வீதிப்பலகைகளில் ஒரே ஊருக்கு இரு பெயர்களைக் காணலாம்.

முடிவுரை

1980 களிலே நம் இளைஞர் பலர் அதே பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்கள் தம் தந்தையின் பெயரையோ தம் பெயரையோ குடும்பப் பெயராகப் பதிந்தனர். அவர்தம் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பாட்டனாரின் இயற்பெயரைத் தாங்கிப் பள்ளி செல்கின்றனர். ஹான்ஸின் மகன் அல்லாத ஹான்சனைப் போன்று, சிவலிங்கத்தின் மகன் அல்லாத சிவலிங்கம் அந்நாட்டிலே வளர்கின்றான். இதில் இழிவு யாதுமில்லை. நோர்வேயர் நூறாண்டுக்கு முன் கடந்த வாயிலையே நம்மவரும் கடக்கின்றனர்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நோர்வேச் சிறுவன் தன் பெயரின் மூலத்தை அறிய விரும்பினால், ரீக் தொகுத்த ஏடுகள் அவனுக்காகக் காத்திருக்கின்றன. நம் சிறுவனுக்கு அத்தகைய ஏடு எங்கே? அவன் பாட்டனார் பிறந்த குறிச்சியின் பெயரும், பழைய உறுதியில் எழுதப்பட்ட காணியின் பெயரும், அப்பெயரை ஊரார் ஒலித்த முறையும் முதியோர் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. ஆகவே வெளிநாட்டில் உறவினருடைய பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். குடும்பப் பெயராகிவிட்ட அவ்வியற்பெயர் யாருடையது, அவர் எவ்வூரினர், அவர் காணியின் பெயர் என்ன, அது மேடோ பள்ளமோ கடலோரமோ என்பவற்றை ஒரு தாளில் எழுதி அடுத்த கடிதத்துடன் அனுப்புக. பிறிதொரு நாள் வெயில் குறைந்த ஒரு பள்ளத்தாக்கில் இருந்து, தன் பெயரின் பொருளை வினவும் ஒரு பிள்ளைக்கு அத்தாள் விடை கூறும்.